பதினேழாவது கேஜ்

மேடையில் ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள். நடு நாற்காலியின் முதுகில் மட்டும் வெள்ளைத் துண்டு விரித்திருந்ததால் தன் இடம் எது என்று வைத்தியலிங்கம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த விமான ஆராய்ச்சி நிறுவனத்தில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியாயிற்று, அதில் கடைசி ஐந்து வருஷம் இயக்குநர். துண்டு போட்ட நாற்காலி எங்கே இருந்தாலும் கால் தானாகவே அங்கே போய்விடும். போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வழக்கமாக வருகிற அந்தச் சின்ன நிம்மதி இன்றைக்கு வரவில்லை. வலப்பக்கத்து நாற்காலியில் தேவசகாயம் இருந்தார். இன்றோடு ஓய்வு பெறுகிற டெக்னீஷியன். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுக்கொண்ட புதுச் சட்டையில் மடிப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. கழுத்தில் சந்தன மாலை. கைகள் இரண்டையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்து, பள்ளிக்கூடத்துப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு டெக்னீஷியன் ரிட்டயர் ஆவதற்கு டைரக்டரே நேரில் வருவது இங்கே வழக்கமில்லை. ஹாலுக்குள் நுழையும்போதே யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது: "பாருய்யா, பெரிய மனுஷன்னா இப்படி இருக்கணும்." சொன்னது யாரென்று திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. பெரிய மனுஷன் எதற்கு வந்திருக்கிறார் என்று பெரிய மனுஷனுக்கு மட்டும்தான் தெரியும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் செய்த தப்புக்கு இந்த ஆள் தண்டனை வாங்கினார், அதை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு விட்டால் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்குத் தேவசகாயத்தின் பணிப்பதிவேட்டை மூடி ரெகார்டு அறைக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தத் தப்புக்காக அவருக்குக் கொடுத்த மெமோ அப்படியே அதில் கிடக்கும். அதற்குள் என்றால் இயக்குநர் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நாளைக்குக் காலை ரயிலில் தேவசகாயமும் பெண்சாதியும் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்விடுவார்கள், பிறகு யாரிடம் போய் எதைச் சொல்வது? காலையில் குளிக்கும்போது இதெல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்தது. தலையில் தண்ணீர் விழுகிற நேரத்தில் எந்தக் கோழைக்கும் தைரியம் வந்துவிடும்.

சோதனைக்கூடத்தின் தலைவர் சுகந்தி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லோரையும் வரவேற்றார். சுகந்தி வேலைக்குச் சேர்ந்தது அந்தத் தப்பு நடந்த இறக்கைச் சோதனைக்கு இரண்டு வருஷம் கழித்து, ஆகையால் அவரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. கீழே இருந்த அறுபது எழுபது தலைகளையும் வைத்தியலிங்கம் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கடந்து வந்தார். இவர் அப்போது இல்லை. இவரும் இல்லை. இந்தப் பையன் அப்போது பிறந்திருந்தால் அதிகம். விசாரணைக் கமிட்டியில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் செத்துப்போனார்கள், ஒருவர் மகனோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். விஷயம் அறிந்தவர் ஒருத்தரும் ஹாலில் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சுக்குள் ஒன்று இளகியது. இளகியதைக் கவனித்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொல்ல வந்தவன் சாட்சி இருக்கிறதா இல்லையா என்று எதற்கு எண்ணுகிறான்? சொல்லத்தானே போகிறாய்? அப்புறம் யார் இருந்தால் என்ன? முதலில் பேச வந்தவர் ஸ்டோர்ஸ் நஞ்சுண்டப்பா. "தேவசகாயம் வந்த அப்புறம்தான் சார் நம்ம ஸ்டோர்ஸ் ஒரு ஸ்டோர்ஸ் மாதிரி ஆச்சு" என்றார் தன் பெங்களூர்த் தமிழில். "அதுக்கு முன்னாடி ஒரு போல்ட் கேட்டா மூணு நாள் ஆகும். இவர் கண்ணை மூடிக்கினே எடுத்துக் குடுப்பாரு. இருபத்து மூணு வருஷம் சார். ஒரு வாஷர் காணாம போகலை." எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தேவசகாயத்தின் மனைவி எஸ்தர் மட்டும் தட்டவில்லை, கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சுண்டப்பா பெருமையாகச் சொன்ன இருபத்து மூன்று வருஷமும் அந்த வீட்டில் எப்படி எண்ணப்பட்டிருக்கும் என்று வைத்தியலிங்கத்துக்குத் தோன்றியது. ஸ்டோர்ஸ் என்பது இவருக்கு வேலை இல்லை, தண்டனை. நாட்டிலேயே நாலைந்து பேருக்குத்தான் வாய்க்கும் என்று சொல்லப்பட்ட கையை, ஆணி எண்ணப் போட்டார்கள். போட்டார்கள் என்ன, போட்டார்கள்? ஸ்டோர்ஸுக்கு மாற்றப் பரிந்துரைத்த கடிதத்தில் கடைசிக் கையெழுத்து யாருடையது?

ஒரு காலத்தில் அந்தக் கையைப் பார்ப்பதற்கென்றே வைத்தியலிங்கம் சோதனைக்கூடத்துக்குப் போவார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, இறக்கை வடிவமைப்புக் குழுவின் தலைவர், தலை நிறைய முடி, மனசு நிறையத் தான். தேவசகாயத்தின் வேலை ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுவது. அது விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. மெல்லிய தாள் போன்ற ஒன்று, அதற்குள் கம்பி இழை வளைந்து வளைந்து ஓடும். எதன்மேல் ஒட்டுகிறோமோ அது எவ்வளவு இழுபடுகிறது என்று அது சொல்லும். நன்றாக ஒட்டினால் உண்மையைச் சொல்லும், சரியாக ஒட்டவில்லை என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஆக எல்லாம் ஒட்டுகிறவன் கையில் இருக்கிறது. தேவசகாயம் இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பார், அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரே பக்கமாகத் துடைப்பார், திருப்பித் துடைக்கமாட்டார், பென்சிலால் கூட்டல் குறி போடுவார், ஒரு சொட்டுப் பசை விட்டு கேஜை வைத்துக் கட்டைவிரலால் அமுக்குவார். ஒரு நிமிஷம் அமுக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். பரமண்டல ஜெபம் இரண்டு தடவை சொன்னால் சரியாக ஒரு நிமிஷம். உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச முடியாது, பேசினால் தலையை லேசாக ஆட்டுவார், அவ்வளவுதான். "எதுக்குங்க ரெண்டு தடவை, ஒரு தடவை மெதுவாச் சொன்னா ஆகாதா?" என்று வைத்தியலிங்கம் ஒருமுறை சீண்டியிருக்கிறார். "மெதுவாச் சொன்னா மனசு வேற எங்கயாச்சும் போயிருது சார்" என்றார் தேவசகாயம். இதெல்லாம் இன்றைக்கு எதற்கு ஞாபகம் வருகிறது? அடுத்துப் பேச வந்த யூனியன் செயலாளர், தோழர் தேவசகாயம் இருபது வருஷமாக ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் வலக்கைப் பக்கத்தில், முழங்கால்மேல் கவிழ்ந்திருக்கிற அந்தக் கட்டைவிரலை வைத்தியலிங்கத்தால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்க்கவும் முடியவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, குடிக்காமல் மூடி வைத்தார்.

அந்த இறக்கையில் நாற்பது கேஜ் ஒட்டியிருந்தார்கள். கார்பன் நாரை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த இறக்கை, நாட்டில் அந்த மாதிரி முதல் முயற்சி, டில்லியிலிருந்து ஆட்கள் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றிக்கொண்டே போனார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சப் பாரத்தில் எண்பது சதவீதம் ஏறியபோது பதினேழாவது கேஜ் மூவாயிரத்து எழுநூற்று நாற்பது காட்டியது. அவர் கணக்குப்படி அங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குமேல் வரக்கூடாது. சொந்த மகளின் போன் நம்பர் மறந்துபோகிறது, அந்த மூவாயிரத்து எழுநூற்று நாற்பது மறக்கமாட்டேன் என்கிறது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுத்தி, இறக்கையை இறக்கி, ஒரு வாரம் பார்த்திருக்கலாம். டில்லி ஆட்கள் முகம் சுளித்திருப்பார்கள், அவ்வளவுதானே. அவர் தாளில் பதினேழுக்கு நேராகக் குறுக்கே ஒரு கோடு கிழித்து, "கேஜ் ஒட்டு விட்டிருச்சு. இதை விட்டுட்டு மேல போங்க" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கணக்குத் தப்பாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, கை தப்பாக இருக்கலாம் என்று உடனே தோன்றியது. இன்றைக்கும் அவரைக் குடைவது அந்த வேகம்தான். மூலையில் நின்றிருந்த தேவசகாயம், "இல்ல சார், அது நல்லா ஒட்டியிருக்கு, நான் தட்டிப் பாத்தேன்" என்று ஏதோ சொன்னார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொண்ணூற்றாறு சதவீதத்தில் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம், பதினேழு ஒட்டிய இடத்திலிருந்தே இறக்கை பிளந்தது. கமிட்டி வந்தது. பிளந்த இடத்தில் கேஜும் கிழிந்து போயிருந்ததால் ஒட்டைப் பரிசோதிக்க வழியில்லை. கேஜ் சரியாக ஒட்டப்பட்டிருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருக்கும், ஒட்டாததால் நம்ப முடியாத எண் வந்தது, அதனால் இறக்கை போயிற்று என்று அவர் விளக்கினார். அப்போது அதை அவரே நம்பினார். இதை மட்டும் தனக்குச் சாதகமாக அடிக்கடி எடுத்து வைத்துக்கொள்வார். அப்போது நான் பொய் சொல்லவில்லை. சரி, அப்போது சொல்லவில்லை. அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு நாலு மாசம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது இறக்கை செய்கிற ஷெட்டுக்குப் போனார். அச்சுக்குள் கார்பன் துணியை விரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து, "சார், இந்த நாப்பத்தஞ்சு டிகிரின்னு போட்டிருக்கே, இது எங்கிருந்து பாத்து? நாங்க உள்ளாற நின்னு பாத்துதான் போடறோம்" என்று கேட்டாள். அவர் வரைந்தது வெளியிலிருந்து பார்த்து. வரைபடத்தில் எங்கிருந்து பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. போட மறந்தவர் அவர். சட்டைத் துணியை உட்பக்கம் வெளிப்பக்கம் பார்க்காமல் வெட்டிய தையற்காரன் மாதிரி, முதல் இறக்கையின் நார் முழுவதும் இடம் வலமாகிவிட்டிருந்தது. வளையும்போது எந்தப் பக்கம் முறுக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் முறுகியிருக்கிறது. "வெளியிலேருந்து பாத்து" என்று மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நாரைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பண்ணினார். பதினேழாவது இடத்தில் மூவாயிரத்து எழுநூற்றைந்து வந்தது. நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை. அத்தனை அழகாகப் பொருந்திய கணக்கு அவர் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்போது அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வாய் கூசும். ஒரு மனுஷனுடைய பிழைப்பில் மண் விழுந்து நாலு மாசம் ஆகிறது, இவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அடடா என்று எண்ணை ரசித்தார். சந்தோஷம் ஒரு இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். அதற்கப்புறம் தேவசகாயம் ஞாபகத்துக்கு வந்தார். கமிட்டி முடிந்துவிட்டது, அறிக்கை அச்சாகிவிட்டது, இரண்டாவது இறக்கைக்குப் பணம் வந்துவிட்டது, இப்போது வாயைத் திறந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள், இருநூறு பேர் வேலை. நியாயத்துக்கா பஞ்சம், ஒரு மணி நேரத்தில் பத்து கிடைத்தது. வரைபடத்தில் பார்வைத் திசையைச் சேர்த்தார். திருத்தக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும், "தெளிவுக்காகக் குறிப்பு சேர்க்கப்பட்டது" என்று எழுதினார். அந்த இடத்திலிருந்து பொய் அவருடையது.

இரண்டாவது இறக்கை தாங்கியது. நூற்றைம்பது சதவீதம் தாங்கியது. பத்திரிகையில் படம் வந்தது, விருது வந்தது, திட்ட இயக்குநர் பதவி வந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாம் வந்துகொண்டே இருந்தது. சோதனை எண்ணும் கணக்கும் ஒத்துப்போவது பற்றி அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். வருஷா வருஷம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பை அவர்தான் எடுப்பார். உங்கள் அபிப்பிராயத்தைவிடக் கருவி சொல்வதை நம்புங்கள் என்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவர் நாக்கு புழுத்துவிடவில்லை. ஸ்டோர்ஸுக்குப் போகிற வழியை மட்டும் இருபத்து மூன்று வருஷமாகச் சுற்றிப்போகக் கற்றுக்கொண்டார். ஆனால் மனுஷன் வரமாட்டேன் என்கிறாரா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு டப்பா முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் வந்து நிற்பார். "வீட்டுல செஞ்சது சார். உங்களுக்குன்னு எஸ்தர் தனியா எடுத்து வச்சா." முதல் வருஷம் வைத்தியலிங்கம் அதைச் சாப்பிட்டார், நன்றாக வேறு இருந்தது. அதன்பிறகு டிரைவரிடம் கொடுத்துவிடுவார். போன வாரம் ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தவர் தயங்கித் தயங்கி, "சார், முப்பத்தொண்ணாம் தேதி கூட்டத்துக்கு நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும் சார். என்னைப் பத்தி நல்லபடியாச் சொல்லணும்னு இல்ல. வந்து நின்னாப் போதும்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. கதவும் சாத்தியிருந்தது. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல், வருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சொன்னால் என்ன ஆகும்? விருதைப் பிடுங்கமாட்டார்கள். சிறைக்கு அனுப்பமாட்டார்கள். கேட்டவர்கள் ஒரு வாரம் பேசுவார்கள். சுகந்தியின் கண்ணில் இருக்கிற மரியாதை போகும். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள், சாப்பாடு போடும்போது ஒரு தடவை முகத்தைப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்காகவா ஒரு ஆளை இருபத்து மூன்று வருஷம் குழியில் போட்டு வைத்தாய்? ஆமாம் என்றுதான் பதில் வந்தது. இவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தபோது வெட்கம் இன்னும் அதிகமாயிற்று.

"இப்போது நமது இயக்குநர்" என்று சுகந்தி சொன்னது காதில் விழுந்தது. எழுந்து மைக் முன்னால் போய் நின்றார். இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார். தேவசகாயத்தின் ஒழுக்கம், நேரம் தவறாமை, எல்லாம் வரிசையாக வாயிலிருந்து வந்தது, அதற்கு மூளை தேவைப்படவில்லை. பிறகு நிறுத்தினார். "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு சோதனை தோத்துப்போச்சு" என்றார். "அதுக்கான பழி இவர் மேல விழுந்தது. இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு தேவசகாயத்து மேல இல்லை. தப்பு என் மேலதான்." சொல்லிவிட்டார். இருபத்து மூன்று வருஷம் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. அடுத்த வாக்கியம் வரைபடத்தைப் பற்றியது, நாற்பத்தைந்து டிகிரி, விட்டுப்போன ஒரு வரி, கிழித்த கோடு. அதற்கு மூச்சு எடுத்தார். அந்த மூச்சுக்குள் கைதட்டல் வந்துவிட்டது. முதலில் பின்வரிசை, பிறகு மொத்த ஹாலும். நஞ்சுண்டப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெற்றி உங்களுடையது, தோல்வி என்னுடையது என்று எந்தத் தலைவர்தான் சொல்வதில்லை? ராக்கெட் கடலில் விழுந்தால் சொல்வார்கள், விமானம் ஓடுபாதையில் சறுக்கினால் சொல்வார்கள், அவரே நாற்பது கூட்டத்திலாவது சொல்லியிருப்பார். அந்த வகையில் இதையும் போட்டுவிட்டார்கள். கைதட்டல் ஓயட்டும், சொல்கிறேன் என்று நின்றார். ஓயாமல் அது நீண்டது. நீள நீள, அந்த அடுத்த வாக்கியம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிப்போவது தெரிந்தது. இப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதானே அந்த வார்த்தைகளைப் பொறுக்கினாய்? குளிக்கும்போது ஒத்திகை பார்த்தாயே, அப்போது எண்ணும் டிகிரியும் அதில் இருந்ததா? இல்லை. தப்பு என் மேலதான், இவ்வளவுதான் இருந்தது. உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, யாருக்கும் தெரியாத மாதிரியும் ஆயிற்று. "அந்த மெமோவை இன்னைக்கே ரத்து பண்றேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கும் தட்டினார்கள்.

திரும்பி வந்து துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தேவசகாயம் ஏற்புரைக்கு எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பேச வராது" என்று ஆரம்பித்தார். "சார் இப்ப சொன்னாங்க, தப்பு அவங்க மேலன்னு. அது அவங்க பெரிய மனசு. யாரு சொல்லுவா இப்படி? ஆனா நான் கர்த்தருக்கு முன்னால பொய் சொல்ல முடியாது. தப்பு என்னோடதுதான். ரொம்ப நாள் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் ஒட்டினேன்னு முதல்ல சாதிச்சேன். ஆனா இவ்வளவு படிச்சவங்க, சாரே சொல்லும்போது, நான் எங்கயோ விட்டிருப்பேன்லா? ஜெபம் சொல்லும்போது ஒரு தடவைதான் சொல்லியிருப்பேனோ, கையை முன்னாலயே எடுத்துட்டனோ. இப்ப எனக்கு நல்லா ஞாபகமே வருது சார், அன்னைக்குக் கையை எடுத்துட்டேன். அதுக்குப் பொறவு எனக்கு எதையும் ஒட்டப் பயம். வீட்டுல சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர்கூட நான் ஒட்டுனதில்ல, கடைக்குத்தான் எடுத்துட்டுப் போவேன்." ஹாலில் சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். "வேலையை விட்டு அனுப்பாம ஸ்டோர்ஸ்லயாவது வச்சிருந்தாங்க. அதுக்கு இவங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருபத்து மூணு வருஷமா நினைச்சிட்டிருந்தேன். இன்னைக்குச் சொல்லுதேன்." திரும்பி இரு கையையும் குவித்து வைத்தியலிங்கத்தைக் கும்பிட்டார்.

கையை எடுக்கவில்லை ஐயா நீர். இரண்டு தடவையும் முழுசாகச் சொன்னீர். நடக்காத ஒன்று ஞாபகத்தில் இருக்கிறது என்கிறீரே, அதை உம் தலைக்குள் வைத்தவன் நான். மெமோவை ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம், இதை எப்படி எடுப்பது? பதிவேட்டுக்குள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது இது? இப்போது சொல்லவேண்டும், இப்போதே, வார்த்தை அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை, மூவாயிரத்து எழுநூற்று நாற்பது சரியான எண், உம் கேஜ் சொன்னது உண்மை, நான் கோடு போட்டது அதன்மேல், இதை மட்டும் சொன்னால் போதும், கைதட்ட முடியாதபடி சொல்லவேண்டும். வைத்தியலிங்கம் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். மைக் நாலடி தூரத்தில் இருந்தது. இயக்குநர் எழுந்ததைப் பார்த்ததும் மேடையில் இருந்த எல்லோரும் எழுந்தார்கள், கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையும் எழுந்தது, நாற்காலிகள் நகர்கிற சத்தத்தில் சுகந்தி, "குரூப் போட்டோ எடுத்துடலாம், எஸ்தர் அக்கா, நீங்களும் மேல வாங்க" என்று கூப்பிட்டார். போட்டோக்காரர் ஓடிவந்து வைத்தியலிங்கத்தின் தோளைத் தொட்டு இரண்டு அடி நகர்த்தி நடுவில் நிறுத்தினார். "ஒரு நிமிஷம்" என்றார் வைத்தியலிங்கம். "ஒரே நிமிஷம்தான் சார், முடிஞ்சிரும்" என்றார் போட்டோக்காரர். இந்தப் பக்கம் தேவசகாயம் வந்து நின்றார், அந்தப் பக்கம் எஸ்தர். எஸ்தர் தலையைத் திருப்பி, யாருக்கும் கேட்காத குரலில், "நீங்க சொன்னது நெசமா சார்?" என்றார். அது ஒன்றுதான் கேட்டார். அவர் கண் வைத்தியலிங்கத்தின் முகத்தைவிட்டு நகரவில்லை. ஹாலில் அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் கைதட்டாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் வைத்தியலிங்கத்துக்கு உறைத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மைக் வேண்டாம், டிகிரி வேண்டாம். தேவசகாயம் எட்டிப் பார்த்து, "சும்மா இரு எஸ்தர், சார் ஒரு பேச்சுக்குச் சொல்லுதாங்க" என்றார். வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். "சார், இங்க பாருங்க" என்றார் போட்டோக்காரர். அவர் அங்கே பார்த்தார்.